டிரைவர் செய்த தவறுக்கு லோடுமேன் ஏன் இழப்பீட்டை இழக்க வேண்டும்?

கேள்வி கேட்ட சகோதரி எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்ப்பேட்டையில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றுக்கு மலையேறிய பிக்கப் வண்டியும், மேலே ஜல்லி இறக்கிவிட்டுக் காலியாகக் கீழே வந்த டிப்பர் லாரியும் ஒரு கொண்டை ஊசி வளைவில் மோதியிருக்கின்றன. பிக்கப்பில் லோடுமேனாகப் போன தம்பிக்கு வயது 28. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விபத்து நடந்து நான்கு மாதம் ஆகிறது. டிப்பர் ஓட்டுநர் முந்திக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததால் எப்.ஐ.ஆர். பிக்கப் ஓட்டுநர் மேல் பதிவாகியிருக்கிறது. "தப்பு உங்கள் வண்டி மேல், எங்களிடம் ஒன்றும் கிடைக்காது" என்கிறது டிப்பரின் இன்சூரன்ஸ் தரப்பு. பிக்கப் முதலாளியோ, "கோர்ட்டுக்கெல்லாம் அலைய வேண்டாம், லேபர் ஆபீஸில் வாங்கித் தந்துவிடுகிறேன், இந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடு" என்கிறார். எவ்வளவு கிடைக்கும் என்று சகோதரி கேட்கிறார். அதற்குப் பதில் சொல்வதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்விகள் இரண்டு. வண்டியை ஓட்டாதவன் தலையில் ஓட்டியவனின் தவறு ஏறுமா? ஏறாது. முதலாளி நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடலாமா? இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

சேலம் நீதிமன்றங்களில் பல ஆண்டுகளாக விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்திவருகிறேன். கொஞ்ச காலம் இன்சூரன்ஸ் தரப்புக்காகவும் வாதாடியிருக்கிறேன் என்பதால், எதிர்த்தரப்பு எந்தக் கதவை முதலில் அடைக்கப் பார்க்கும் என்பது தெரியும். உங்கள் பாலிசியையோ, காவல்துறை ஆவணங்களையோ, மருத்துவச் சான்றையோ பார்க்காமல் எழுதும் பதில் இது. எனவே சட்டம் தெளிவாக இருக்கும் இடத்தில் உறுதியாகச் சொல்கிறேன். ஆவணத்தைப் பொறுத்து மாறும் இடத்தில் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வண்டிகள் மோதி, அதில் ஒரு வண்டியின் ஓட்டுநரே காயமடைந்து வழக்குப் போட்டால், அவருடைய தவறு எத்தனை சதவீதமோ அந்த அளவு இழப்பீட்டில் கழித்துவிடுவார்கள். அதைப் பங்களிப்புக் கவனக்குறைவு என்பார்கள். உங்கள் தம்பி ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அவர் காயத்துக்கு இரண்டு ஓட்டுநர்களும் சேர்ந்து காரணமாக இருந்தால் அது கூட்டுக் கவனக்குறைவு. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் டி.ஓ. ஆன்டனி எதிர் கர்வர்ணன் வழக்கில் 2008-ல் விளக்கியது. 2015-ல் கென்யெய் எதிர் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் வழக்கில் இன்னும் ஒரு படி தெளிவாகச் சொல்லிவிட்டது: கூட்டுக் கவனக்குறைவால் காயப்பட்டவர் இரண்டு தரப்பையும் சேர்த்து வழக்குப் போடலாம், ஒரு தரப்பின் மேல் மட்டும் போடலாம், முழுத் தொகையையும் ஒரே தரப்பிடமிருந்து வசூலிக்கலாம். யார் எத்தனை பங்கு என்பதை அவர்கள் தங்களுக்குள் பிறகு தீர்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சண்டை முடியும்வரை காலை இழந்தவன் வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே "தப்பு உங்கள் வண்டி மேல்" என்று டிப்பர் தரப்பு சொல்வது, தம்பியைப் பொறுத்தவரை பாதி பதில்தான். தங்கள் ஓட்டுநர் மேல் துளியும் தவறில்லை என்று அவர்கள் காட்டியாக வேண்டும். கொண்டை ஊசி வளைவில் அதைக் காட்டுவது சுலபமில்லை.

ஏன் சுலபமில்லை என்பதற்குச் சாலையையே பார்க்கலாம். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பாரம் ஏற்றிய பிக்கப் வளைவில் ஏறும்போது வேகம் செத்துவிடக் கூடாது என்று ஓட்டுநர் அகலமாக வளைத்து எடுப்பார். வண்டியின் மூக்கு எதிர்ப்பக்கத்துக்குப் போகும். காலியாக இறங்கும் டிப்பரோ, பின்சக்கரங்கள் மேல் பாரம் இல்லாமல் துள்ளிக்கொண்டு வரும். இரண்டாவது கியரில் இறங்க வேண்டிய இடத்தில் மூன்றாவதில் இறங்கினால் வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை மட்டும்தான் நம்ப வேண்டியிருக்கும். இரு பக்கமும் தவறு இருக்கக்கூடிய இடம் இது. சாலை விதியும் உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. மலைச்சாலையில் இரண்டு வண்டிகள் தாராளமாகக் கடக்க அகலம் போதாத இடத்தில், இறங்கும் வண்டி ஓரமாக நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது ஓட்டுநர் ஒழுங்குமுறை விதி. அந்த வளைவில் அகலம் போதுமானதாக இருந்தது என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். அதனால் இந்த விதி மட்டும் வழக்கை வென்று கொடுத்துவிடாது. ஆனால் இறங்கி வந்தவன் என்ன செய்தான் என்ற கேள்வியைக் கூண்டில் ஏற்றிவிடும்.

எப்.ஐ.ஆர். பற்றிய பயம் எல்லோருக்கும் உண்டு. முதலில் யார் நிலையத்துக்குப் போனாரோ அவருடைய கதைதான் அதில் இருக்கும். உங்கள் தம்பி அந்த நேரத்தில் அறுவை அரங்கில் இருந்திருப்பார். இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அதை ஒரு தொடக்க ஆவணமாகப் பார்க்குமே தவிர, முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே அளவுகோல். குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானாலும் தண்டிக்கப்பட்டாலும் தீர்ப்பாயம் தன் முடிவைத் தானே எடுக்கும். இது சட்டம். நடைமுறை வேறு மாதிரி. எப்.ஐ.ஆரும் குற்றப்பத்திரிகையும் ஒரே கதையைச் சொன்னால், அதை மீறிப் போகப் பல தீர்ப்பாயங்கள் தயங்கும். எனவே குற்றப்பத்திரிகை போவதற்குள் தம்பியின் வாக்குமூலம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நடந்ததை எழுதி விசாரணை அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் ஒரு நகல். ஒப்புகை அட்டையை ஆவணமாக வைத்திருங்கள்.

காவல்துறை ஆவணங்களில் நான் முதலில் புரட்டுவது, விபத்து நடந்த இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும்தான். ஒரு பக்க அளவுக்குப் பென்சிலில் போட்டாற்போல இருக்கும் அந்த வரைபடத்தில் சாலையின் அகலம், மண் ஓரம், பாறைப்பக்கம், பள்ளப்பக்கம், வண்டிகள் நின்ற இடம் எல்லாம் குறித்திருப்பார்கள். கண்ணாடித் தூள் எங்கே கிடந்தது, உரம் எந்தப் பக்கம் சிந்தியிருந்தது என்று மகஜரில் ஒரு வரி இருந்தால் அது பத்து சாட்சிக்குச் சமம். ஏறும் வண்டியின் இடப்பக்கத்தில் கண்ணாடி கிடந்தால், டிப்பர் தன் பக்கத்தை விட்டு வந்திருக்கிறது என்று வாதிடலாம். மோதிய வேகத்தில் வண்டிகள் நகர்ந்திருக்கும் என்பதால் நின்ற இடத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது என்பதும் உண்மை. அடுத்தது மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை. "இயந்திரக் கோளாறு காரணமாக விபத்து ஏற்படவில்லை" என்ற வழக்கமான கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். மேலே சேதப் பட்டியல் இருக்கிறது, அதைப் படியுங்கள். எந்த மூலை நசுங்கியது, பம்பரின் எந்தப் பாதி உள்ளே போயிற்று என்பது எந்த வண்டி எந்தக் கோணத்தில் வந்தது என்பதைச் சொல்லும். அடிவாரச் சோதனைச் சாவடியிலோ வழியிலுள்ள கடைகளிலோ கேமரா இருந்திருந்தாலும் நான்கு மாதப் பதிவு பெரும்பாலும் அழிந்திருக்கும். பின்னால் வந்த பஸ்ஸின் ஓட்டுநர், வளைவில் பழம் விற்பவர் போன்றோரைத் தேடிப் பிடிப்பது இப்போதும் சாத்தியம்தான்.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாளுக்குள் இடைக்கால அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். உங்களுக்கு 90 நாள் தாண்டிவிட்டது. அந்த விரிவான அறிக்கையின் நகலைக் கேளுங்கள். இரண்டு வண்டிகளின் பாலிசி எண், பெர்மிட், தகுதிச் சான்று, ஓட்டுநர் உரிமம் எல்லாம் அதில் வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

தம்பி மேல் தவறு ஏறாது என்றால் எந்த ஓட்டுநர் தவறு செய்தார் என்று இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பீர்கள். மெனக்கெடத்தான் வேண்டும். காரணம் பாலிசி. டிப்பரின் இன்சூரன்ஸைப் பொறுத்தவரை உங்கள் தம்பி மூன்றாம் நபர். அவருக்கான இழப்பீட்டை வரம்பில்லாமல் கேட்கலாம். அவர் வேலை செய்த பிக்கப்பின் இன்சூரன்ஸுக்கோ அவர் அந்த வண்டியின் ஊழியர். வழக்கமான பாலிசிகளில் ஊழியருக்கான பொறுப்பு, வேலையில் காயப்பட்டவருக்கு முதலாளி தர வேண்டியதைச் சொல்லும் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்கோடு நின்றுவிடும் என்றுதான் இன்சூரன்ஸ் தரப்பு வாதிடும். மீதியை முதலாளிதான் தன் கையிலிருந்து தர வேண்டியிருக்கும். ஒற்றை வண்டி வைத்திருக்கும் முதலாளியிடம் தீர்ப்பைக் காட்டி வசூலிப்பது என்ன பாடு என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே டிப்பர் ஓட்டுநர் மேல் 20 சதவீதத் தவறு நிறுவப்பட்டாலும் முழுத் தொகைக்கான கதவு திறக்கிறது. முழுத் தவறும் பிக்கப் மேல் என்று தீர்ப்பானால் அந்தக் கதவு மூடிவிடுகிறது. பூஜ்யத்துக்கும் இருபதுக்கும் இடையிலான அந்த வித்தியாசம்தான் உங்கள் வழக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் காப்பீடு பற்றிய அத்தியாயமே மாற்றி எழுதப்பட்டது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த புதிய 147-வது பிரிவின் கீழும் ஊழியருக்கான பழைய வரம்பு அப்படியே நிற்குமா என்று வாதிட இடமிருக்கிறது. அது இன்னும் சந்தேகமான நிலம். உங்கள் வழக்கறிஞர் அந்த வாதத்தை மனுவில் எழுதி வைக்கட்டும், அதையே நம்பி மட்டும் இருக்க வேண்டாம்.

பிக்கப் பாலிசியின் நகலில் பிரீமியம் கணக்குப் போட்டிருக்கும் பெட்டியைப் பாருங்கள். ஓட்டுநர், கிளீனர், சுமைதூக்குவோர் ஆகியோருக்கான சட்டப்பூர்வப் பொறுப்பு என்று ஒரு வரி, அதற்கு எதிரே ஒரு சொற்பத் தொகை இருக்கும். அந்த வரியில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறது என்பது முக்கியம். ஓட்டுநருக்கு மட்டும் கட்டியிருந்தால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

இதோடு ஒட்டிய இன்னொரு கண்ணி இருக்கிறது. சரக்கு வண்டியில் சும்மா தொற்றிக்கொண்டு போனவருக்கு அந்த வண்டியின் இன்சூரன்ஸ் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் 2002-லேயே சொல்லிவிட்டது. எனவே பிக்கப்பின் இன்சூரன்ஸ் தரப்பு எடுக்கும் முதல் ஆயுதம், "இவர் லோடுமேனே இல்லை, ஏற்காட்டுக்குப் போக இலவசமாக ஏறிக்கொண்டவர்" என்பதாக இருக்கும். மருத்துவமனையில் சேர்த்தபோது எழுதும் விபத்துப் பதிவேட்டை, இங்கே எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்று சொல்வதை, உடனே வாங்கிப் பாருங்கள். அதில் "வேனில் பயணம் செய்தபோது" என்று மூன்று சொல்லில் எழுதியிருந்தால் அதையே வைத்துக் குறுக்கு விசாரணை செய்வார்கள். மூட்டை ஏற்றிய கடையின் பில், எஸ்டேட் நுழைவுப் புத்தகம், முதலாளி செல்போனில் அனுப்பிய கூலிப் பணத்தின் பதிவு, உடன் வேலை செய்த ஆளின் சாட்சியம் ஆகியவைதான் இதற்கு மருந்து. முதலாளி இன்று இனிமையாகப் பேசுகிறார். நோட்டீஸ் போன பிறகு அதே பேச்சு இருக்குமா என்பது தெரியாது. "இவர் என்னிடம் இந்தத் தேதியிலிருந்து இந்தக் கூலிக்கு லோடுமேனாக வேலை செய்கிறார்" என்று ஒரு கடிதத்தை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். வாங்க வேண்டிய கையெழுத்து அவருடையது.

தம்பி கேபினில் உட்கார்ந்திருந்தாரா, மூட்டை மேலேயா என்று நீங்கள் எழுதவில்லை. மூட்டை மேல் என்றால், "அவரே ஆபத்தைத் தேடிக்கொண்டார்" என்று டிப்பர் தரப்பு சொல்லும். ஒரு பைக்கில் மூன்று பேர் போன வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம், விதியை மீறியதாலேயே பங்களிப்புத் தவறு ஆகிவிடாது, அந்த மீறல் விபத்துக்கோ காயத்தின் தன்மைக்கோ காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று சொன்னது. அந்த வாதம் உங்களுக்கு உதவும். ஆனாலும் மூட்டை மேல் இருந்தவருக்குத் தீர்ப்பாயங்கள் ஏதோ ஒரு சதவீதத்தைக் கழிப்பதைப் பார்க்கிறோம், இதில் உறுதி சொல்ல முடியாது. எங்கே உட்கார்ந்திருந்தாரோ அதையே சொல்லுங்கள். கேபினில் இருந்ததாகக் கதை கட்டினால், காயத்தின் தன்மையே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி அந்தக் காகிதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 167-வது பிரிவு, வேலையின்போது விபத்தில் காயமடைந்தவருக்கு இரண்டு வழி தருகிறது. தொழிலாளர் துறை ஆணையரிடம் பணியாளர் இழப்பீடு கேட்கலாம், அல்லது விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இரண்டிலும் வாங்க முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மற்றது போய்விடும் என்பதை 2005-ல் நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் மஸ்தான் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. முதலாளி கெட்ட எண்ணத்தில்தான் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அந்த வழியில் யார் மேல் தவறு என்ற கேள்வியே எழாது, சீக்கிரமும் முடியும், அவர் பாக்கெட்டும் தப்பும். 1923-ன் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறது. இங்கே பழைய சட்டத்தின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். கூலி மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் இருந்தாலும் 15,000 என்றே எடுப்பார்கள். அதில் 60 சதவீதம், அதாவது 9,000. அதை 28 வயதுக்கான காரணி 211.79-ஆல் பெருக்கினால் 19,06,110. இது முழு ஊனத்துக்கு. வருமான இழப்பு 60 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் 11,43,666 ரூபாய். அதோடு மருத்துவச் செலவு.

அதே ஆள், அதே கூலி, அதே 60 சதவீதம், தீர்ப்பாயத்தில் எப்படி ஆகிறது என்று பாருங்கள். மாதம் 15,000. பிரணய் சேத்தி வழக்கில் 2017-ல் அரசியல் சாசன அமர்வு சொன்னபடி, நாற்பது வயதுக்குக் கீழே உள்ள கூலி வேலைக்காரருக்கு எதிர்கால வருமான உயர்வு 40 சதவீதம் சேர்க்க வேண்டும்; மரண வழக்குக்கு மட்டுமல்லாமல் காய வழக்குக்கும் இது உண்டு என்பது 2020-ல் தெளிவாகிவிட்டது. ஆக 21,000. ஆண்டுக்கு 2,52,000. சரளா வர்மா வழக்கின் அட்டவணைப்படி 26 முதல் 30 வயதுக்குப் பெருக்கும் எண் 17. பெருக்கினால் 42,84,000. அதில் 60 சதவீதம் 25,70,400. உயிரோடு இருப்பவரின் வழக்கு என்பதால் சொந்தச் செலவுக்கென்று கழிப்பதில்லை. இதற்கு மேல் மருத்துவச் செலவு, படுத்திருந்த மாதங்களின் கூலி, வலியும் வேதனையும், வாழ்க்கைச் சுகங்களின் இழப்பு, உடனிருந்து பார்த்தவருக்கான தொகை, எதிர்கால மருத்துவம் எல்லாம் தனித்தனியே வரும். மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து வட்டியும் உண்டு. நம் பக்கத்துத் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு 7.5 சதவீதம் தருகின்றன. டிப்பர் மேல் எந்தத் தவறும் இல்லை என்றே தீர்ப்பானாலும், பிக்கப்பின் இன்சூரன்ஸிடம் பணியாளர் இழப்பீட்டு அளவுத் தொகையைத் தீர்ப்பாயத்திலேயே கேட்கலாம். மோசமான முடிவிலும் முதலாளி காட்டும் தொகைக்கு அருகில் நிற்கும் வழி இது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். இழப்பது காலத்தைத்தான்; சில ஆண்டுகள் ஆகும், மேல்முறையீடு என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனால் இன்னும் ஆகும். வீட்டில் வேறு வருமானமே இல்லை, உடனே பணம் வேண்டும் என்ற நிலை இருந்தால் முதல் வழியைத் தேர்ந்தெடுப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கில் நான் போட்ட 60 சதவீதம் ஓர் உதாரணம்தான். இந்த வழக்கில் பணம் கூடுவதும் குறைவதும் இந்த ஓர் எண்ணில்தான். மருத்துவ வாரியம் தரும் சான்றில் இருப்பது உறுப்பின் ஊனம் அல்லது உடலின் ஊனம். தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது அந்த ஊனத்தால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பது. ராஜ்குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக எழுதியது: இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் வருமான இழப்பு ஏறக்குறைய முழுமையானது, அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலையே போகாமல் இருக்கலாம். லோடுமேனுக்குக் கால்தான் தொழில். 50 கிலோ மூட்டையை முதுகில் வாங்கிப் பலகையில் ஏறும்போது பாரம் முழுவதும் ஒரு நொடி ஒற்றைக் காலில் நிற்கும். செயற்கைக் கால் போட்டவரால் நடக்க முடியும், கடையில் உட்கார முடியும். அந்தப் பலகையில் ஏற முடியாது. அதைச் சாட்சிக் கூண்டில் விவரமாகச் சொல்ல வேண்டும். சான்று தந்த மருத்துவரையும் சாட்சியாக அழைக்க வேண்டும். வெறும் சான்றை மட்டும் தாக்கல் செய்தால், அதிலுள்ள எண்ணையே, சில சமயம் அதற்கும் குறைவாக, போட்டுவிடுவார்கள். அதே கணக்கில் 40 சதவீதம் என்றால் 17,13,600. 80 என்றால் 34,27,200. மருத்துவரை அரை நாள் கூண்டில் நிறுத்தும் அலைச்சல் எதற்கு என்பது இப்போது புரியும். முழு 100 சதவீதம் கிடைக்குமா என்றால், தம்பி என்ன படித்திருக்கிறார், வேறு என்ன வேலை தெரியும் என்பதைப் பொறுத்தது. 28 வயதுக்காரர் வேறு வேலை கற்றுக்கொள்ள முடியும் என்று எதிர்த்தரப்பு சொல்லும்; அது முழுக்கத் தள்ளிவிடக்கூடிய வாதமும் இல்லை.

செயற்கைக் காலுக்கான தொகையை ஒரு முறைச் செலவாகக் கேட்டுவிடாதீர்கள். அது தேயும், வெட்டிய இடத்தின் அளவு மாறும், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிதாகப் போட வேண்டும். அளவெடுத்துச் செய்து தரும் மையத்திலிருந்து விலைப்புள்ளியும் எத்தனை ஆண்டு வரும் என்ற கடிதமும் வாங்கித் தாக்கல் செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சை என்பதால் பில் இல்லையே என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். ஆட்டோ வாடகை, வெளியே வாங்கிய மருந்து, பார்த்துக்கொள்ள நீங்கள் வேலைக்குப் போகாமல் இருந்த நாள்கள் எல்லாம் கணக்கில் வரும். கூலிக்குச் சம்பளச் சீட்டு இல்லை என்பதும் பெரிய தடையில்லை; தீர்ப்பாயம் சூழ்நிலையை வைத்து ஒரு வருமானத்தைத் தானே நிர்ணயிக்கும். ஆனால் அப்படி நிர்ணயிக்கும் தொகை பெரும்பாலும் உண்மைக் கூலியைவிடக் கீழேதான் இருக்கும் என்பதால் முன்பே சொன்ன செல்போன் பணப் பதிவுகளைத் திரட்டுங்கள்.

உரிமம் பற்றி ஒரு வரி. பிக்கப் ஓட்டுநரிடம் இலகு வாகன உரிமம்தான் இருக்கிறது என்று யாராவது பயமுறுத்தினால், 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை அந்த உரிமத்தோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்திருக்கிறது. டிப்பர் ஓட்டுநரின் உரிமத்தில் கோளாறு இருந்தாலும், இன்சூரன்ஸ் முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு பெற வழி இருக்கிறது.

இன்சூரன்ஸ் தரப்பிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து 164-வது பிரிவின்படி உடனே தருகிறோம் என்றால் கவனமாக இருங்கள். யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லாத அந்த வழியில் கொடுங்காயத்துக்குத் தொகை 2.5 லட்சம். அதை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் உள்ள உங்கள் மனு காலாவதியாகிவிடும். அதேபோல், வார்டிலேயே வந்து வக்காலத்தில் கையெழுத்து வாங்கி, கிடைப்பதில் இத்தனை சதவீதம் என்று பேசும் ஆட்களையும் தள்ளி வையுங்கள். சதவீதக் கணக்கில் கட்டணம் பேசுவது வழக்கறிஞர் நடத்தை விதிகளுக்கே புறம்பானது. எழுதாத காகிதத்தில் யாருக்கும், எனக்கே என்றாலும், கையெழுத்துப் போடக் கூடாது.

மனுவைச் சேலத்திலேயே தாக்கல் செய்யலாம். விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், எதிர்தரப்பினர் இருக்கும் இடம் ஆகிய எதுவும் போதும். இரண்டு ஓட்டுநர்கள், இரண்டு உரிமையாளர்கள், இரண்டு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் எல்லாரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொல்லுங்கள். பிக்கப் முதலாளி நம் ஆள் என்று விட்டுவிட்டால் பின்னால் அதுவே ஓட்டையாகிவிடும். கெடு முக்கியம். 2022 ஏப்ரல் 1-க்குப் பிறகு நடந்த விபத்துகளுக்கு ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று 166-வது பிரிவு சொல்கிறது. அந்த விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் உள்ளன என்பது உண்மைதான். அதை நம்பிக்கொண்டு உட்கார வேண்டாம். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம்கூட முழுதாக இல்லை. ஊனச் சான்று வரட்டும், காயம் முழுக்க ஆறட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. எப்.ஐ.ஆர். நகல், விபத்துப் பதிவேடு, டிஸ்சார்ஜ் சுருக்கம், ஆதார், இரண்டு வண்டிகளின் எண்கள், இவ்வளவு இருந்தால் மனுவைத் தயாரித்துவிடலாம். மற்றவற்றை விசாரணையின்போது சேர்த்துக்கொள்ளலாம், கேட்கும் தொகையையும் பிறகு திருத்தலாம். கையில் காசில்லை என்றால் சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால் வழக்கறிஞர் நியமித்துத் தருவார்கள். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்துக்குப் போய்க் கேளுங்கள். போகும்போது பாலிசி நகலை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள், பிரீமியம் பெட்டி இருக்கும் அந்தப் பக்கத்தோடு.